கால்கரி குளிரில் முகத்துக்கு என்ன தடவுவது?

தூத்துக்குடியிலிருந்து கனடாவின் கால்கரிக்கு வந்து மூன்று மாதம், வயது 49, முகம் செதில் செதிலாக உரிகிறது, சிரித்தாலே தோல் இழுக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவியும் கேட்கவில்லை, இயற்கையான கிரீம் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சகோதரி, 20 வருஷத்துக்கு முன் என் முகமும் இப்படித்தான் இருந்தது.

தேங்காய் எண்ணெயைத் திட்டாதீர்கள், பாவம். நம் ஊர்க் கடற்கரைக் காற்றிலேயே ஈரம் இருந்தது. எண்ணெய் அதைத் தோலில் பிடித்து வைத்தது. இங்கே மைனஸ் 25 டிகிரிக் காற்றில் ஈரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வீட்டுக்குள் வரும் அந்தக் காற்றைத்தான் ஃபர்னேஸ் சூடாக்கி நம் முகத்தில் ஊதுகிறது. காய்ந்த முகத்தில் எண்ணெய் தடவுவது காலிப் பானைக்கு மூடி போடுவது மாதிரி. போதாததற்கு, மாதவிடாய் நிற்கும் வயதில் தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைந்துவிடும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். '100 சதவீதம் இயற்கை' என்று எழுதியிருந்த ஒரு விலை உயர்ந்த கிரீமை ஆசையாக வாங்கினேன். லாவெண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் என்று வாசனை தூக்கலாக இருந்தது. இரண்டாம் நாளே கன்னம் சிவந்து, மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி எரிச்சல். வாசனை எண்ணெய்கள் இயற்கையானவைதான், ஆனால் வெடித்த தோலுக்கு ஆகாது.

காப்பாற்றியது என்னோடு வேலை பார்த்த கானா நாட்டு அக்கா ஒருவர். ஒரு சின்ன டப்பாவில் ஷியா பட்டர் கொடுத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. அங்கே சமையலுக்கும் உண்டு, குழந்தையின் உடம்புக்கும் உண்டு. சுத்திகரிக்காததில் லேசான புகை வாசனை வரும், இரண்டு நாளில் பழகிவிடும். ஆப்பிரிக்க மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது.

தடவுகிற விதம்தான் முக்கியம். வெந்நீரில் முகம் கழுவாதீர்கள், வெதுவெதுப்பே போதும். கடலை மாவையும் சோப்பையும் கோடை வரை மறந்துவிடுங்கள். துண்டால் அழுத்தித் துடைக்காமல் முகம் ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் கலந்த சாதாரண கிரீமைப் பூசுங்கள். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல், அரைப் பட்டாணி அளவு ஷியாவை உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். முதல் தடவை காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பாருங்கள்.

இரண்டு வேலை எதற்கு, ஒரே கிரீம் போதும் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது பட்டியலில் முதலில் இருக்கும். தண்ணீர், கிளிசரின், ஷியா மூன்றும் மேலே இருந்தால் நல்லது. 'பர்ஃப்யூம்' என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீர் கலந்த கிரீமில், கெடாமல் காக்கும் பதப்படுத்தும் பொருள் இல்லை என்று பெருமையடித்தாலும் வாங்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

பகலில் சன்ஸ்கிரீனும் வேண்டும். குளிர்காலத்தில் எதற்கு என்று நானும் கேட்டவள்தான். புதுப் பனி வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கிறது.

அப்புறம், படுக்கையறையில், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வையுங்கள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோத்தால் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் சட்டத்தில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு வாரத்திலும் அடங்காமல் அரிப்பும் வெடிப்பும் இருந்தால் எக்சீமா என்ற தோல் நோயாக இருக்கலாம். முதலில் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். ஊரில் மாதிரி நேரே தோல் டாக்டரிடம் போய் உட்கார முடியாது, இவர் எழுதிக் கொடுத்தால்தான் அவர் பார்ப்பார்.