விளையாட்டா, நடிப்பா? கிளிநொச்சித் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா,

சென்ற வாரம் மகளின் சான்றிதழ்க் கோவையோடு வந்து, "கூடைப்பந்தும் வேணும், நடிக்கவும் வேணும் எண்டு நிற்கிறாள், எதை விடச் சொல்ல?" என்று கேட்டீர்கள். எதையும் விடச் சொல்ல வேண்டாம் என்று நான் கூறியதற்கான காரணத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

அவள் முன்மாதிரியாகச் சொன்ன கரீம் அப்துல் ஜப்பார், என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரில் 20 பருவங்கள் ஆடியவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே 1972 இல் புரூஸ் லீயுடன் சண்டைக் காட்சியில் நடித்தார். 1980 இல் வெளிவந்த நகைச்சுவைப் படமொன்றில் துணை விமானியாகவும் தோன்றினார். அங்கே ஓர் அணிக்குரிய 82 ஆட்டங்களும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிந்துவிடுவதால், நடிக்க விரும்பும் வீரருக்குக் கோடைக்காலம் கையில் கிடைக்கிறது. பெரும்போக நெல்லை அறுத்து வீடு சேர்த்த பின்னர் அண்ணாவியாரிடம் கூத்துப் பழகப் போகும் நம் கமக்காரரின் கணக்கும் இதுதான். ஆனால் மகள் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு: கரீம் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டே, 1969 இல், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார்.

இலங்கையில் கூடைப்பந்தை மட்டும் நம்பிச் சீவிக்க முடியாது. முப்படைகளும் பொலிஸும் சில வர்த்தக நிறுவனங்களும் திறமையானவர்களை வேலைக்கு எடுத்துத் தம் அணியில் ஆடவிடுகின்றன; சம்பளம் அந்த வேலைக்குரியது.

இன்னொன்றையும் கவனித்தேன். கோவையிலிருந்த சான்றிதழ்கள் ஐந்தும் வலைப்பந்தாட்டத்துக்குரியவை, கூடைப்பந்துக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், வலைப்பந்தில் பின்பலகை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் கைமாற்றியாக வேண்டும். பாடசாலையில் இருக்கும் திடல் வலைப்பந்துக்குரியது என்றால், அதிலேயே மாகாண, தேசிய மட்டங்களை நோக்கி அவள் ஆடட்டும். கூடைப்பந்தை விடுமுறையில் பழகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து போய்த் தேசிய அணியில் ஆடி, அவுஸ்திரேலியக் கழகங்கள் வரை சென்ற தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்ட வீராங்கனைதான்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்பில் கலைப்பிரிவை எடுத்து, 'நாடகமும் அரங்கியலும்' என்பதை ஒரு பாடமாக வைப்பதே என் விருப்பம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அத்துறையில் பட்டம் பெறலாம்; நாடக ஆசிரியராகும் வழியும் அதிலுண்டு. தேசிய மட்ட விளையாட்டுச் சாதனையாளர் பல்கலைக்கழகத்தில் சேரவென விசேட அனுமதியும் இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியேனும் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. பதக்கத்தை நம்பிப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நிபந்தனைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை அவளைப் பேச விடுங்கள். அன்று நான் கேட்டவற்றுக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள். சான்றிதழ்களை லமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்; பின்பக்கத்தில் உறுதிப்படுத்தி முத்திரையிட வேண்டி வரலாம்.