லித்தியம் எடுக்கும் அம்மாவுக்குக் கால்சியம் 11, ஏன்?

மனநோய்க்கான மருந்தான லித்தியத்தாலேயே கால்சியம் ஏறியிருக்கலாம். பத்து வருடமாக அதை எடுக்கிறார், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பி.டி.எச். ஹார்மோனும் அதிகம் என்கிறீர்கள். பால், தயிரைச் சந்தேகிக்க வேண்டாம்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி போல இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் கால்சியம் உணர்வி ஒன்று உண்டு. ரத்தத்தில் கால்சியம் போதுமென்றால் பி.டி.எச். சுரப்பை அதுதான் அடக்கும். லித்தியம் அந்த உணர்வியை மந்தமாக்குகிறது. கால்சியம் இருந்தும் போதவில்லை என்று நினைத்து சுரப்பி பி.டி.எச்.-ஐச் சுரந்துகொண்டே இருக்கிறது, கால்சியமும் ஏறுகிறது.

கால்சியம், அல்புமின் (ரத்தப் புரதம்), பி.டி.எச். மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் மறுபடி பாருங்கள். கூடவே வைட்டமின் டி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), லித்தியம் அளவு. சுரப்பியில் சின்னக் கட்டி இருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தயவுசெய்து லித்தியத்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மனநோய் திரும்பிவிடும் ஆபத்து பெரிது. வாந்தி, குழப்பம், அதிகத் தூக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.