செம்பனை ஓடும் சூப்பர் கெப்பாசிட்டரும்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தை வேகமாக ஏற்றி இறக்கும் மின்தேக்கி) பற்றி வந்த நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

எங்கள் ஆலையில் செம்பனைக் கொட்டை ஓடு மலைபோல் குவிகிறது. கொதிகலனில் போட்டு எரிக்கிறோம். அதில் மின்சாரம் தேக்கும் பொருள் செய்யலாம் என்கிறான் மகன். உண்மையா? எப்படிச் செய்வார்கள்?
– ஆலைத் தொழிலாளர்

உண்மைதான். சூப்பர் கெப்பாசிட்டரின் மின்முனை பெரும்பாலும் நுண்துளை நிறைந்த கரிதான். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் செய்த மின்முனைத் தூள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. செம்பனை ஓட்டிலும் அதேபோல், சூட்டில் கரியாக எஞ்சும் லிக்னின் என்ற மரப்பொருள் நிறைய உண்டு.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறை இது. ஓட்டைக் கழுவி, நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் போனபின் 110 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து நொறுக்குவார்கள். நைட்ரஜன் ஓடும் சூளையில் 500 முதல் 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் கரியாக்குவார்கள். ஒரு பங்கு கரித்தூளுக்கு மூன்று பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கலந்து, மீண்டும் நைட்ரஜனில் 800 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். காரம் கரியை அரித்துத் துளை போடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆறியபின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், பிறகு பிஎச் 7 வரும்வரை காய்ச்சி வடித்த நீராலும் கழுவ வேண்டும். கழுவுவதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். கரியில் தங்கும் இரும்புத் துணுக்கு, ஏற்றிய மின்சாரத்தைச் சும்மா இருக்கும்போதே கசியவிடும்.

இதை வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்காதீர்கள். அந்தச் சூட்டில் பொட்டாசியம் உலோகமாகவே பிரிந்து ஆவியாகும். சூடு ஆறாமல் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். காரம் பீங்கான் கிண்ணத்தையும் தின்றுவிடும் என்பதால் நிக்கல் கிண்ணம்தான் வைப்பார்கள். பெரிய அளவில் செய்பவர்கள் காரத்தை விட்டுவிட்டு நீராவியால் துளை போடுவதற்கும் இது ஒரு காரணம். நீராவிக்கு உங்கள் ஆலையில் பஞ்சமில்லை, ஆனால் இதற்கு வேண்டியது 800 டிகிரிக்கு மேற்பட்ட நீராவி.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ‘கிராமுக்கு 3,000 சதுர மீட்டர் பரப்பு’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். அயனி நுழைய முடியாத துளை எத்தனை இருந்தும் பயனில்லை. துளை பெரிதாக இருந்தாலும் வீண் இடம்தான். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த துளைகளில் தேக்கம் எதிர்பாராத அளவு கூடுவதை 2006இல் ஆய்வாளர்கள் கோகோட்சி, சிமோன் குழுவினர் காட்டினார்கள். அயனி தன்மேல் ஒட்டிய கரைப்பான் மூலக்கூறுகளைக் கழற்றிவிட்டு உள்ளே நெருங்குவதுதான் காரணம். அதனால் எந்த மின்பகுளி (கலத்துக்குள் அயனிகளைச் சுமக்கும் திரவம்) என்று முடிவு செய்துவிட்டுத்தான் கரியைத் தயாரிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் ஏமாற்றும். ஒரு மின்முனைக்குக் கிராமுக்கு 200 ஃபாரட் (மின்தேக்கத்தின் அலகு) என்று அறிக்கையில் இருந்தால், இரண்டு மின்முனை சேர்ந்த கலத்தில் அது 50தான். தேக்கம் தொடரிணைப்பில் பாதியாகிறது, எடையோ இருமடங்காகிறது. தகடு, திரவம், கூடு எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

புதிய மின்பகுளி என்று அடிக்கடி படிக்கிறேன். திரவத்தை மாற்றினால் அப்படி என்ன கூடிவிடும்?
– பள்ளி ஆசிரியர்

வோல்ட் கூடும். தேங்கும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்தில் ஏறும். அமிலம் அல்லது காரம் கலந்த நீரில் கலம் ஏறக்குறைய 1 வோல்ட்தான் தாங்கும். அதற்கு மேல் நீர் பிரியத் தொடங்கும். சோடியம் சல்ஃபேட் போன்ற நடுநிலை உப்பில் கரி மின்முனை 1.6 வரை போகும். கடையில் வாங்கும் கலத்தில் பெரும்பாலும் இருப்பது அசெட்டோநைட்ரைலில் கரைத்த அம்மோனிய உப்பு, 2.7 வோல்ட். தேக்கம் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், 1 வோல்ட்டை விட இது ஏழு மடங்குக்கும் மேல். அயனித் திரவங்கள், அதாவது கரைப்பானே இல்லாமல் திரவமாக இருக்கும் உப்புகள், 3.5ஐத் தொடுகின்றன. தேன்போல் கெட்டியாக இருப்பது அவற்றின் குறை. குளிர்நாட்டில் அது பெரிய தொல்லை, நம் வெயிலில் அவ்வளவு இல்லை.

2015இல் வந்த ‘உப்புக்குள் நீர்’ முறை எனக்குப் பிடித்தது. ஒரு கிலோ நீரில் 21 மோல் லித்தியம் உப்பு, அதாவது நீரை விட உப்பின் எடை பல மடங்கு. ஏறக்குறைய எல்லா நீர் மூலக்கூறும் லித்தியத்தோடு ஒட்டிக்கிடப்பதால் எளிதில் பிரிவதில்லை. மின்கலத்துக்கென்று செய்தபோது 3 வோல்ட் அளவுக்குத் தாங்கியது. உப்பின் விலைதான் இடிக்கிறது, ஆகவே மலிவான சோடியம் பெர்குளோரேட்டிலும் முயல்கிறார்கள்.

நம் ஊரில் செய்பவர்களுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. 2.7 வோல்ட் கலத்துக்குள் சிறிது நீர் புகுந்தாலும் அது பிரிந்து வாயுவாகிக் கலத்தை உப்ப வைக்கும். மின்முனையை 120 டிகிரி வெற்றிடத்தில் இரவு முழுக்கக் காயவைத்து, வெளிக்காற்று படாமலே கலத்தை மூட வேண்டும்.

எஸ்டிபிஎம் (மலேசிய உயர்நிலைப் பள்ளித் தேர்வு) செயல்திட்டத்துக்கு ஆபத்தில்லாத ஒரு கெப்பாசிட்டர் செய்ய வழி?
– மாணவி

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கரியை மாவாக அரைத்துச் சலித்து, பக்கத்துக்கு 1 கிராம் எடுத்து, 0.1 கிராம் கிராஃபைட் தூள் கலந்துகொள்ளுங்கள். நீரற்ற சோடியம் சல்ஃபேட் 14.2 கிராமைக் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கி, அதில் சில துளி விட்டுக் கரியைப் பிசையுங்கள். கேஸ்கெட் செய்யும் கிராஃபைட் தாளில் 5 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு வெட்டி, மேலே பூசி, நடுவில் நனைத்த வடிதாள் வைத்து, இரண்டு அக்ரிலிக் தகட்டுக்கு இடையில் இறுக்கமாகக் கிளிப் போடுங்கள். வடிதாள் நான்கு பக்கமும் அரை சென்டிமீட்டர் வெளியே நிற்கட்டும். அலுமினியத் தாள் வேண்டாம், சமையல் உப்பும் வேண்டாம், இரண்டும் அரிப்பைக் கொண்டுவரும்.

1.0 வோல்ட்டில் பத்து நிமிடம் ஏற்றி, 10 ஓம் தடையில் இறக்கி, 0.37 வோல்ட் ஆக எத்தனை விநாடி என்று பாருங்கள். அதை 10ஆல் வகுத்தால் ஃபாரட். 80 விநாடி என்றால் 8 ஃபாரட். தடையை இணைத்தவுடனே வோல்ட் சட்டென்று விழுந்தால் உள்தடை அதிகம், கிளிப்பை இறுக்குங்கள். சும்மா வைத்திருக்கும்போதே வேகமாக இறங்கினால் கரித்துகள் தாளைத் தாண்டியிருக்கும்.

லோரி ஸ்டார்ட் செய்ய 2.7 வோல்ட், 350 ஃபாரட் கலம் ஆறு வாங்கித் தொடராக இணைத்தேன். நான்கு மாதத்தில் ஒன்று உப்பிவிட்டது. ஏன்?
– லோரி உரிமையாளர்

ஆறுக்கு 16.2 வோல்ட், லோரியில் வருவதோ 14.4. கணக்கு சரிதான். ஆனால் ஒரு கலம் 350க்குப் பதில் 280 ஃபாரட்டாக இருந்தால் அதன் பங்கு மட்டும் 2.88 வோல்ட் ஆகும். கலம் தோறும் பேலன்ஸ் போர்டு (கலங்களின் வோல்ட்டைச் சமமாக வைக்கும் சுற்று) போட்டால்தான் இதைத் தடுக்க முடியும். எஞ்சின் அருகே வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள். இந்தக் கலங்களுக்கு 65 டிகிரிதான் எல்லை. 10 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகும்.

ஆறும் சேர்ந்து 58 ஃபாரட், ஏறக்குறைய 1.7 வாட்-மணி. சில விநாடி எஞ்சினைச் சுழற்றப் போதும், விளக்கெரிக்கப் போதாது. பேட்டரியைக் கழற்றிவிட வேண்டாம்.

உப்பிய கலத்தைக் குத்தாதீர்கள், உள்ளே இருப்பது தீப்பற்றும் நச்சுத் திரவம். கழற்றுமுன் 21 வாட் பல்பை இணைத்து முழுதும் இறக்குங்கள். புதிய கலங்களையும் காலியாக இருக்கும்போது நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள், முனையில் பொறி பறக்கும். அதே பல்பைத் தொடரில் வைத்து ஏற்றி, அது அணைந்தபின் மாட்டுங்கள்.