ஐடிலிங் நிலையாக நிற்கவில்லையா? முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

பெட்ரோல் கார்களின் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் அழுத்தாமல் எஞ்சின் ஓடுவது, பற்றி மட்டும் கேளுங்கள். கார்புரேட்டர் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், 2014 மாடல் சின்ன கார். பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் 500க்கு இறங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. பேட்டரி கடைக்காரர் ஏதோ பண்ணிவிட்டாரா?

பதில்: பாவம், அவரைத் திட்டாதீர்கள். ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதன் விளிம்பிலுள்ள மயிரிழை இடைவெளி, இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஐடில் வால்வு, இந்த வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்று. வருடக்கணக்கில் அந்த இடத்தில் கரி படிந்து வழி குறுகிக்கொண்டே வரும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதைக் கவனித்து கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து சமாளித்துக்கொண்டிருக்கும், அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பேட்டரியைக் கழற்றியதும் பல கார்களில் அந்தக் கற்றுக்கொண்ட கணக்கு அழிந்து, புது வண்டிக்குத் திறக்கிற அளவுக்கே மறுபடி திறக்கிறது. கரி மட்டும் அப்படியே இருக்கிறதே, காற்று எப்படிப் போதும்?

அந்தத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சின் ஆஃப், சாவி வெளியே. அதற்கென்று விற்கும் க்ளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், உள்ளே பீய்ச்ச வேண்டாம். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளே பல்சக்கரம் போய்விடும். துடைத்த பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், பயப்படாதீர்கள். சில மாடல்களில் ஸ்கேனர் கருவியை இணைத்து ஈசியூவுக்கு மறுபடி கற்பிக்க வேண்டும்.

அப்புறம், த்ராட்டில் பாடியில், தகடு எதுவரை மூடலாம் என்று நிறுத்தும் ஒரு சின்ன ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: சூடான பிறகு 800 ஆர்பிஎம். குறைவா?

பதில்: சரியாகத்தான் இருக்கிறது. சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 700-லிருந்து 900-க்குள் நிற்கும். மூன்று சிலிண்டர் என்றால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

கேள்வி: ஏசி போட்டால் மட்டும் திணறுகிறது.

பதில்: கம்ப்ரசர் பிடிக்கும்போது ஈசியூ கூடுதல் காற்று விட வேண்டும். கரி அடைத்திருந்தால் விட முடியாது. முதல் பதிலைப் படியுங்கள். சுத்தம் செய்தும் தீராவிட்டால் ப்ளக், காயில், ஆல்டர்னேட்டர் என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கரி, கரி என்கிறீர்களே. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகுதானே இத்தனை தொல்லையும்?

பதில்: வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் வைத்த காரில் ஈசியூ அந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கூடுதல் பெட்ரோல் விட்டுச் சரிசெய்துவிடும். மைலேஜ் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐடிலிங் 500க்கு விழுந்ததற்கு அதைக் காரணம் காட்டினால், கரியை யாருமே துடைக்க மாட்டார்கள்.

கேள்வி: நான் அம்பாசடர் வைத்திருக்கிறேன். அதில் ஏது சென்சார்? உங்கள் கணக்கெல்லாம் புது வண்டிக்கு.

பதில்: நியாயம், இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டின் அளவு மாறாது, அதனால் கலவை மெலியும். போதாக்குறைக்கு எத்தனால் பழைய டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஐடில் ஜெட்டில் அடைக்கும். ரேஸ் பண்ணினால் நன்றாக ஓடி, காலை எடுத்ததும் அணைந்தால் முதலில் அந்த ஜெட்டைக் கழற்றி ஊதுங்கள், ரப்பர் குழாய்களையும் பாருங்கள். ஸ்க்ரூவைத் திருகி வைப்பது முறையான வேலை என்றால் உங்கள் வண்டியில் மட்டும்தான்.

கேள்வி: டீசல் காரிலும் இதே பிரச்சினை...

பதில்: பெட்ரோல் மட்டும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா பார்த்துவிட்டு டீசல் ஆளிடம் போங்கள்.

கேள்வி: சுத்தம் செய்தாகிவிட்டது. ஐடிலிங் இன்னும் ஆடுகிறது, எங்கேயோ உஸ்ஸென்று சத்தம்.

பதில்: எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் இணைந்த வேக்கம் குழாய் வெடித்திருக்கும். ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு குழாயாக விரலால் அழுத்துங்கள், பெல்ட்டுப் பக்கம் கை போகாமல். சத்தமோ ஐடிலிங்கோ மாறுகிற இடத்தில்தான் ஓட்டை. சூடான எஞ்சினில் க்ளீனர் அடித்துத் தேடுவார்கள், தீப்பிடிக்கும், வேண்டாம்.

கேள்வி: அண்ணே, ஐடிலிங் குறைவாக இருக்கிறது, எந்த ஸ்க்ரூ?

பதில்: எந்த ஸ்க்ரூவும் இல்லை.

கேள்வி: ஸ்டாப் ஸ்க்ரூவைப் போன மாதமே திருகிவிட்டேன். எத்தனை சுற்று என்று ஞாபகம் இல்லை. இப்போது 1500-இல் நிற்கிறது.

பதில்: கேபிள் த்ராட்டிலா? தகடு கொஞ்சம் திறந்தே நிற்பதால் கால் எடுத்ததே ஈசியூவுக்குத் தெரியவில்லை. ஸ்கேனரில் த்ராட்டில் பொசிஷன் பார்த்து, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு அது வரும்வரை ஸ்க்ரூவைப் பின்னால் வாங்குங்கள். கண்ணால் பார்த்துத் திருகாதீர்கள், ஒரு தடவை திருகியது போதும்.