ஒன்பதாவது ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: பினாங்கு, பிறையில் இருக்கிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் போடுவதா, தேசியப்பள்ளியிலா, சீனப்பள்ளியிலா என்பதை நம் பெற்றோர் எப்படி முடிவு செய்கிறார்கள்? இதற்கு ஒரு கோட்பாடு உருவாக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூலமாக எட்டுப் பேரைப் பேட்டி எடுத்துவிட்டேன். காரணம் கேட்டால் எல்லாரும் "தாய்மொழி" என்கிறார்கள். ஆனால் ஆறு பேர் பேச்சுவாக்கில் "ஸ்கூல் விட்டு வந்தா யாரு ஜாகா பண்றது" (யார் பார்த்துக்கொள்வது) என்றும் சொன்னார்கள். வருமானம், கல்வி, ஆண் பெண் என்று பிரித்து 30 பேரை எடுக்கச் சொல்கிறார் என் மேற்பார்வையாளர். அடுத்து யாரைப் பார்ப்பது? எத்தனை பேர் போதும்? பெற்றோர் வாட்ஸ்அப் குழுச் செய்திகள், சங்கக் கூட்டக் குறிப்புகள் இவற்றையும் தரவாக எடுக்கலாமா?

பதில்: புது ஆளைத் தேடும் முன் அந்த ஆறு பேரிடம் திரும்பிப் போங்கள். "ஜாகா" என்ற சொல்லை நீங்கள் கேள்வியில் வைக்கவில்லை, அவர்களாகக் கொண்டுவந்தார்கள். பேட்டியைக் குறியிடும்போது, அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் இடும்போது, அதைக் "குழந்தைப் பராமரிப்பு" என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். காவல், பொறுப்பு, நம்பி விட்டுப்போக ஒரு ஆள் எல்லாமே நம்மூர் வழக்கில் அந்த மலாய்ச் சொல்லுக்குள் இருக்கின்றன. அதையே குறியீட்டின் பெயராக வையுங்கள். பிறகு அதே பெற்றோரிடம், பள்ளியை முடிவு செய்த அந்த நாட்களில் வீட்டில் யார் யார் இருந்தார்கள், மதியம் பிள்ளையை யார் கூட்டி வருவதாகப் பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அடுத்து யாரைப் பார்ப்பது என்பதை அதுவரை சேர்ந்த தரவைக் கொண்டே முடிவு செய்வதைக் கோட்பாட்டு மாதிரித் தேர்வு என்பார்கள். அப்படியென்றாலே புது ஆட்களைச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஆளிடம் புதுக் கேள்வியோடு போவதும் அதில் அடக்கம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் போக்கு பிடிபடும். 1960களில் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில், இறக்கும் நிலையில் இருக்கும் நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். தன் நிலை நோயாளிக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதே அவர்கள் பின்தொடர்ந்த இழை. அதனால் அது மிகக் குறைவாக இருக்கும் இடங்களுக்கு முதலில் போனார்கள்: குறைமாதக் குழந்தைகள் பிரிவு, பிறகு பலர் நினைவின்றிக் கிடக்கும் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு. அடுத்து, சாவு எதிர்பார்க்கப்பட்டு வேகமாகவும் வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அப்புறம், எதிர்பார்க்கப்பட்டாலும் மெதுவாக வரும் புற்றுநோய்ப் பிரிவு. கடைசியில், எதிர்பாராமல் சட்டென வரும் அவசரப் பிரிவு. இப்படி அடுத்த வார்டு எது என்பதை, அதுவரை கையில் சேர்ந்த யோசனையே சொன்னது. 1967இல் அவர்கள் வெளியிட்ட நூலில் இந்த வரிசையை விவரித்திருக்கிறார்கள். நோயாளிகளில் பாதி ஆண், பாதி பெண் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை.

உங்கள் கையில் இப்போது இருக்கும் ஊகம் இது: மதியம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பது பள்ளியை முடிவு செய்கிறது, மொழிக் காரணம் அதன்மேல் வந்து உட்காருகிறது. சரி, இந்த ஊகம் எந்த வீட்டில் உடையும்? ஒன்பதாவது ஆள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

உங்கள் எட்டுப் பேரும் ஒரே முடிவை எடுத்தவர்கள் என்பதைக் கவனித்தீர்களா? எட்டுப் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில். வேறு பள்ளிக்குப் போன ஒரு குடும்பமும் இல்லாமல் "எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று கோட்பாடு எழுத முடியாது. இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டுகிறவர்கள் ஏன் அந்தத் தொழிலிலேயே நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது வயது, ஆண் பெண், அனுபவம் என அட்டவணை போட்டு எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். தொழிலை விட்டுப்போன ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவர்களைத் தேடவே ஆறு மாதம் ஆனது.

ஆகவே ஒன்பதாவதாக, தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் சீனப்பள்ளிக்கு அனுப்பும் ஒரு குடும்பத்தைப் பாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஜாகா பண்ண ஆள் இருந்தும் தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்றார்களானால் உங்கள் ஊகத்தில் ஏதோ குறைகிறது. பத்தாவதாக இதற்கு நேர்மாறான குடும்பம்: அப்பா அம்மா இருவரும் பாலம் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் ஆள் இல்லை, ஆனாலும் மாதாமாதம் வேனுக்குப் பணம் கட்டி தூரத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அதற்கு அடுத்து, மூத்த பிள்ளை தமிழ்ப்பள்ளியிலும் இளையது வேறு பள்ளியிலும் படிக்கும் வீடு. வீடு, மொழி, உறவு எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்க, முடிவு மட்டும் மாறியிருக்கிறது. இப்படி ஒரு வீடு கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு மூன்று தடவை போய்ப் பேசுங்கள்.

இவர்களைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாகப் பிடிக்க முடியாது. பாலர் பள்ளி ஆசிரியர், கோயில் சமய வகுப்பு, டியூஷன் மையம், வேன் ஓட்டுநர் என்று வெவ்வேறு வாசல்களில் தட்டுங்கள். ஒருவர் சொல்லி ஒருவராகப் போனால் மூன்றாவது ஆளிலேயே சித்தி, பெரியம்மா மகள் என்று ஒரே உறவுக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு வாசலுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் வழக்கம். வேன் ஓட்டுநரையும் பாட்டியையும் வழிகாட்டிகளாக மட்டும் நினைக்காதீர்கள். ஜாகா உங்கள் மையக் கருத்தானால் அவர்களும் பேட்டிக்கு உரியவர்களே.

அடுத்தது "தாய்மொழி" என்ற பதில். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பற்று உண்மையானது. ஆனால் "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்ற முழக்கத்தை ஆண்டுதோறும் நாளிதழிலும் பதாகையிலும் பார்க்கிற பெற்றோர், சங்கம் அனுப்பிவைத்த ஒருவர் கேட்கும்போது அந்த மொழியிலேயே பதில் சொல்வது இயல்பு. எனவே அந்தப் பிரசாரச் செய்திகளையும் தரவாக எடுங்கள். பேட்டியின் எந்த வரி முழக்கத்தை ஒத்திருக்கிறது, எந்த வரி விலகுகிறது என்று ஒப்பிட்டாலே ஒரு நல்ல பகுப்பாய்வுக் குறிப்பு தேறும். கூட்டக் குறிப்புகளைச் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு எடுக்கலாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், வேன், மதியச் சாப்பாடு, பள்ளி விட்ட பிறகு நடக்கும் வகுப்புகள் பற்றிய பகுதிகள் போதும்.

வாட்ஸ்அப் குழுவை அள்ளி எடுப்பது கூடாது. அங்கே எழுதியவர்கள் உங்கள் ஆய்வுக்காக எழுதவில்லை, குழு நிர்வாகியின் சம்மதம் எல்லாருடைய சம்மதமும் ஆகாது. பேட்டியின்போது ஒரு பெற்றோர் தானே எழுதிய செய்தியைக் காட்டி விளக்க விரும்பினால், அதை அவருடைய சம்மதத்தோடு பதிவு செய்யலாம்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். 12 போதும் என்று சொல்லப் பலர் 2006இல் கெஸ்ட்டும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையைக் காட்டுவார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகள் அவை. முதல் 12 பேட்டிகளுக்குள் பெரும்பாலான கருப்பொருள்கள் வந்துவிட்டன என்றார்கள். ஆனால் அங்கே பேசியவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், எல்லாரிடமும் கேட்ட கேள்விகளும் ஒத்தவை. உங்கள் வேலை வேறு. 2017இல் ஹெனிங்க் குழு 25 பேட்டிகளை ஆராய்ந்தபோது, என்னென்ன பேசப்படுகிறது என்பது 9 பேட்டிகளில் தெரிந்துவிட்டது. அவற்றின் பொருள் முழுதாகப் புரிய 16 முதல் 24 வரை தேவைப்பட்டது. நீங்களும் தலையை எண்ணாமல் கருத்தைப் பாருங்கள். ஜாகா எப்போது முடிவைத் தீர்மானிக்கிறது, எப்போது தீர்மானிப்பதில்லை, ஆள் இல்லாத வீடு என்ன ஏற்பாடு செய்கிறது என்பதற்கெல்லாம் பதில் சேர்ந்து, வேண்டுமென்றே தேடிப்போன மாறுபட்ட வீடுகளும் அதில் புதிதாக எதையும் கூட்டவில்லை என்றால் நிறுத்தலாம்.

ஒரு பேட்டி முடிந்ததும் எழுத்தாக்கி, குறியிட்டு, அடுத்த ஆளை ஏன் தேடுகிறீர்கள் என்று தேதியோடு நாலு வரி எழுதுங்கள். "10: வீட்டில் ஆள் இல்லை, தூரத்துத் தமிழ்ப்பள்ளி. ஜாகாவுக்குப் பதில் வேன் வந்துவிட்டதா?" என்ற அளவில் இருந்தால் போதும். ஒரே வாரத்தில் ஐந்து பேட்டி வைத்துக்கொண்டால் இது நடக்காது.

உங்கள் மேற்பார்வையாளர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆய்வுத் திட்டத்தை மதிப்பிடும் குழுவின் முன் எண்ணே இல்லாத திட்டத்தை வைக்க முடியாது. 20 முதல் 30 பேர் என்று எழுதி, வருமானமும் கல்வியும் தொடக்கத் தேர்வுக்கு வழிகாட்டும், அதன் பிறகு யார் என்பதைப் பகுப்பாய்வு தீர்மானிக்கும் என்று சேருங்கள். தேதியோடு எழுதிய அந்த நாலு வரிக் குறிப்புகளில் மூன்றை அவரிடம் காட்டினால் பேச்சு சுலபமாகும். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் பெற்றோரை மட்டும் எழுதாமல் தாத்தா பாட்டி, பாலர் பள்ளி ஆசிரியர், வேன் ஓட்டுநர் எல்லாரையும் சேர்த்துவிடுங்கள். பள்ளிக்குள் தரவு திரட்டுவதானால் கல்வி அமைச்சின் அனுமதியும் வேண்டும். ஏற்கெனவே பெற்றோருக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தால் திருத்த விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள், பதில் வரும்வரை அந்த எட்டுப் பேட்டிகளையும் ஜாகாவை மனதில் வைத்து மறுபடி குறியிடுங்கள்.