சத்து ஷேக்கும் மல்டிவைட்டமின் மாத்திரையும் தினமும் சேர்த்து எடுக்கலாமா?

ஷேக்கை மட்டும் டப்பாவில் சொன்ன அளவில் குடித்தால் பெரும்பாலோருக்குப் பயமில்லை. மாத்திரையும் சேரும்போதுதான் சிக்கல். இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். ‘100 கிராமுக்கு’ என்ற கட்டம் வேண்டாம். ‘ஒரு வேளைக்கு’ என்பதை எடுத்து, நாளில் எத்தனை தடவை குடிக்கிறீர்களோ அதால் பெருக்குங்கள்.

முதலில் வைட்டமின் ஏ. ரெட்டினைல் பால்மிட்டேட் அல்லது ரெட்டினைல் அசிடேட் என்று போட்டிருந்தால், பெரியவர்களுக்கு நாளுக்கு 3000 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. கொழுப்பில் கரைவது என்பதால் மிச்சம் கல்லீரலில் தங்கிச் சேரும். கர்ப்பிணிகள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், அளவு மீறினால் கருவுக்கே ஊனம் வரலாம். காய்கறி, பழங்களில் இருக்கும் வடிவமான பீட்டா கரோட்டின் இந்தக் கணக்கில் வராது.

துத்தநாகத்துக்கு (ஜிங்க்) பெரியவர்களுக்கு வரம்பு நாளுக்கு 40 மில்லிகிராம். மாதக்கணக்கில் தாண்டினால் குடல் செம்பை உறிஞ்சுவது குறைந்து ரத்தசோகை வரலாம். அதற்கு இரும்பு மாத்திரை போட்டும் பலனிருக்காது, காரணம் வேறு என்பதால்.

தைராய்டுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுபவர்கள் 4 மணி நேரம் கழித்தே ஷேக் குடியுங்கள். அதிலுள்ள கால்சியமும் இரும்பும் மருந்தை உடலில் சேர விடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே அளவைக் கவனிக்க வேண்டும், அது மாறினால் மருந்தின் வேலையும் மாறும்: டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் தொடங்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம்.