எல்லாம் ஆண்டவற்ற சித்தமோ? – கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் மாங்குளம் பக்கம், இருபது வருஷத்துக்கு மேல மறைக்கல்வி படிப்பிக்கிறன், அதுக்கு முதல் கொஞ்சக் காலம் குருமடத்தில இருந்து தத்துவமும் இறையியலும் படிச்சனான். ஆண்டவற்ற சித்தம், மனுசற்ற சுயாதீனம், ரண்டும் எப்பிடி ஒண்டா நிக்கும் எண்டு கேள்வி இருந்தால் அனுப்புங்கோ எண்டன், கனக்க வந்திட்டுது. சிலதுக்கு நீட்டா எழுதுவன், சிலதுக்கு ரண்டு மூண்டு வரி தான், கோவிக்காதேங்கோ.

கேள்வி (ஏ.எல். படிக்கிற தம்பி, கிளிநொச்சி): நாளைக்கு நான் என்ன செய்வன் எண்டு கடவுளுக்கு முதலே தெரியும். அவர் பிழை விடமாட்டார். அப்ப நான் வேற மாதிரிச் செய்யவே ஏலாது. பிறகென்ன சுயாதீனம் சேர்?

தம்பி, இதே கேள்வியை 1500 வருஷத்துக்கு முதல் சிறையில சாவுக்குக் காத்துக்கொண்டு இருந்த ஒருத்தர் கேட்டவர். பொயேத்தியஸ் எண்டு பேர், இத்தாலியில பெரிய பதவியில இருந்தவர், 524 அளவில கொண்டுபோட்டினம். அவர் என்ன சொன்னார் எண்டால், "முதலே தெரியும்" எண்டு சொல்லுறீர் பாரும், அந்த "முதலே" எண்ட சொல்லில தான் பிழை. கடவுளுக்கு நேற்று நாளை எண்டு ஒண்டும் இல்லை, எல்லாம் அவருக்கு இப்ப. நீர் றோட்டால நடந்து போறதை நான் திண்ணையில இருந்து பாக்கிறன், பாக்கிற நேரம் நீர் நடக்கிறது நிச்சயம், அதுக்காக என்ர கண்ணோ உம்மை நடத்தினது? தாய்க்குப் பிள்ளையின்ர குணம் தெரியும்தானே, அதுமாதிரி எண்டு சிலபேர் விளக்கம் சொல்லுவினம், எனக்கு அது பிடிக்கிறேல்லை, தாய் ஊகிக்கிறா, ஊகம் பிழைக்கும். கடவுள் ஊகிக்கேல்லை, பாக்கிறார்.

அதே தம்பி: அப்ப அவர் சும்மா பாத்துக்கொண்டு மட்டும் இருக்கிறாரோ?

இல்லை. கீழ அதுக்கும் வருவன், பொறும்.

கேள்வி (ஒரு அக்கா, முல்லைத்தீவுக் கரை): சுனாமியில மூத்தவள் போனாள், 2009இல இவர். வந்த சனம் எல்லாம் ஆண்டவற்ற சித்தம் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். அது உண்மையோ? உண்மையெண்டால் நான் இனிக் கோயில் படி மிதிக்கமாட்டன்.

அக்கா, உண்மையில்லை. இதை முதல் சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தை எழுதுறன்.

2009இல யுத்தத்தில நடந்ததை எடுப்பம். செல் தானா வந்து விழேல்லை. கட்டளை குடுத்தது ஒரு வாய், அடிச்சது ஒரு கை. அதை ஆண்டவற்ற சித்தம் எண்டு சொல்லேக்க என்ன நடக்குது எண்டால், அந்தக் கையில இருந்த ரத்தத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கடவுளின்ர தலையில ஊத்துறம். யேசுவுக்குச் சாவுத் தீர்ப்புக் குடுத்த பிலாத்து தன்ர கையைத் தானே கழுவினவன், நாங்கள் நிண்டு தண்ணி வாத்துக் குடுக்கத் தேவையில்லை. கடவுள் விரும்புறது வேற, விடுறது வேற. 13ஆம் நூற்றாண்டில இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் இதை வடிவாப் பிரிச்சு எழுதினவர், தீமை நடக்கவேணும் எண்டு கடவுள் ஒருநாளும் விரும்புறேல்லை, நடக்க விடுறார். ஏன் விடுறார் எண்டால், மனுசனுக்குக் குடுத்த சுயாதீனத்தை அவன் பிழையாப் பாவிக்கேக்க எல்லாம் பறிச்செடுத்தால் பிறகு அது சுயாதீனமே இல்லை, அன்பு செய்யவும் ஏலாது. இது உங்கட நோவை ஆத்தும் எண்டு எழுதேல்லை அக்கா. பழியை ஆரிட்டப் போடவேணும் எண்டதாவது தெளிவா இருக்கவேணும் எண்டு தான் எழுதுறன்.

என்ர ஐயாவும் அந்த வருஷம் தான். முகாமில தறப்பாள் கொட்டிலுக்குள்ள அம்மா சுளகில நிவாரண அரிசி பிடைச்சுக்கொண்டு இருந்தவ, பக்கத்துக் கொட்டிலால ஒருத்தர் வந்து குந்தி இருந்து ஆண்டவற்ற சித்தம் அக்கா, நாங்கள் என்ன செய்யிறது எண்டார். அம்மாவின்ர கை நிண்டுது. "அவர் அப்பிடி நினைச்சிருக்க மாட்டார்" எண்டா. பிறகு குனிஞ்சு திரும்பவும் கல்லுப் பொறுக்கத் தொடங்கிட்டா. நான் குருமடத்தில படிச்ச முழுப் புத்தகத்தையும் விட எனக்கு அந்த ஒரு வசனம் போதும்.

சுனாமி வேற. அதில கையும் இல்லை வாயும் இல்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலமை. சுமாத்திராவுக்குக் கிட்டக் கடலுக்கடியில நிலத்தட்டு அசைஞ்சு வந்த அலை அது, உங்கட மகளைத் தேடி வரேல்லை, ஆரின்ர பாவத்துக்கும் வரேல்லை. யேசுவிட்டயும் இப்பிடி ஒரு கதை வந்தது, சீலோவாமில கோபுரம் விழுந்து 18 பேர் செத்தவை. அவையள் என்ன மற்றவையை விடப் பெரிய பாவியளோ எண்டு கேட்டுப்போட்டு, இல்லவே இல்லை எண்டு அவரே பதிலும் சொல்லுறார், லூக்கா 13இல பாருங்கோ. வேதப்புத்தகத்தில கனக்கத் துன்பப்பட்ட யோபுவின்ர கதையிலயும் அப்பிடித்தான், நீ ஏதோ செய்தனி அதாலதான் எண்டு விளக்கம் குடுத்த சிநேகிதரைத் தான் கடைசியில கடவுள் கோவிக்கிறார், கத்தி அழுது கேள்வி கேட்ட யோபுவை இல்லை. நீங்கள் கேளுங்கோ அக்கா. சண்டை பிடியுங்கோ.

கேள்வி: மோசே காலத்து எகிப்து ராசா பார்வோனின்ர மனசைக் கடவுள்தானே கடினமாக்கினவர், பிறகேன் அவனுக்குத் தண்டனை?

வேதப்புத்தகத்தில விடுதலைப் பயணம் 7இல இருந்து 9 வரை ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ. கடினமாக்குவன் எண்டு கடவுள் முன்னமே சொல்லியிருக்கிறார் தான், ஆனால் எகிப்துக்கு வந்த வாதையள், அதாவது தண்டனைத் துன்பங்களில, முதல் ஐஞ்சிலயும் அவன்ர மனம் கடினமாச்சுது, அவனே கடினமாக்கினான் எண்டு தான் கிடக்கு. கடவுள் கடினமாக்கினார் எண்டு நடந்த சம்பவமா வாறது ஆறாவது வாதையில தான். 3ஆம் நூற்றாண்டில ஒரிஜன் எண்ட இறையியலாளர் இதுக்கு மழையை உதாரணம் சொன்னவர். ஒரே மாரி மழை தான், உழுத காணியில நெல்லு வரும், உழாமல் விட்ட காணியில முள்ளு வரும், முள்ளுக்கு மழையைக் குற்றம் சொல்லுறதோ?

கேள்வி: யூதாஸ் யேசுவைக் காட்டிக்குடுக்காட்டில் மீட்பே இல்லை. அப்ப அவன் பாவம் தானே?

பேதுரு மறுதலிப்பார் எண்டும் யேசு முன்கூட்டிச் சொன்னவர். பேதுரு அழுதுகொண்டு திரும்பி வந்தார், யூதாஸ் வரேல்லை. திரும்பி வாற வழி ரண்டு பேருக்கும் துறந்துதான் கிடந்தது.

கேள்வி (சபைக்குப் போற ஒரு சகோதரன், வவுனியா): எபேசியர் 1இல தேவன் எங்களை உலகத்தோற்றத்துக்கு முன்னமே தெரிஞ்சுகொண்டு முன்குறிச்சார் எண்டு இருக்கு. கத்தோலிக்கர் நீங்கள் கிரியையால ரட்சிப்பு எண்டுறியள். கிருபைக்கு என்ன இடம்?

தம்பி, இது நல்ல கேள்வி, ஆனால் நாங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை. மனுசன் தன்ர முயற்சியால மட்டும் நல்லவனா வாழ ஏலும் எண்டு போதிச்சவர் பெலாஜியஸ், அவரை எதிர்த்து எழுதினவர் எங்கட புனித அகுஸ்தீன், 418இல கார்த்தேஜில கூடின ஆயர்மாரின்ர சங்கம் பெலாஜியஸின்ர போதனையைத் தள்ளிப்போட்டுது. அகுஸ்தீன் ஒரு பிரசங்கத்தில சொல்லுவார், உன்னைக் கேளாமல் உன்னைப் படைச்சவர் உன்னைக் கேளாமல் உன்னை மீட்கமாட்டார் எண்டு. ரண்டு பக்கமும் அதுக்குள்ள இருக்கு.

நான் பிள்ளையளுக்கு இப்பிடித்தான் படிப்பிச்சுக்கொண்டு இருந்தனான்: சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில துருசு (மதகு) துறந்தால் தான் வயலுக்குத் தண்ணி, வரம்பில நிண்டு எவ்வளவு கத்தினாலும் தண்ணி குளத்தால தான் வரவேணும், ஆனால் எங்கட மடையை வெட்டி விடுறது நாங்கள், தண்ணி அருள் (நீர் கிருபை எண்டு சொல்லுறது), மடை வெட்டுறது எங்கட சுயாதீனம். இதைப் பின்னால நிண்டு கேட்ட ஒரு வயசான ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "மண்வெட்டி ஆர் தந்தது? விடியப்புறம் வயலுக்குப் போவம் எண்ட எண்ணத்தை ஆர் தந்தது?" எண்டார். அவர் சொன்னது 529இல ஓரேஞ்ச் சங்கம் சொன்னது தான், விசுவாசத்தின்ர தொடக்கமே, அந்த ஆசையே அருள். மடை வெட்டுற கையையும் பிடிச்சுக்கொண்டு தான் கடவுள் நிக்கிறார், ஆனால் கையை உதறிப்போட்டுப் போறது எங்களுக்கு ஏலும். அதே சங்கம் இன்னொண்டும் சொன்னது, கடவுள் ஒருத்தரைத் தீமைக்கெண்டு முன்குறிக்கிறார் எண்டு சொல்லுறவைக்குச் சாபம். கிளிநொச்சித் தம்பி, நீர் கேட்டதுக்கும் இதுதான் பதில், சும்மா பாத்துக்கொண்டு இருக்கேல்லை அவர்.

பிறகு 1525இல, புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூதர் மனுசற்ற சித்தம் அடிமைச் சித்தம் எண்டு எழுதினார், 1547இல திரெந்து சங்கம் இல்லை, பாவத்தால பலவீனப்பட்டுது, செத்துப் போகேல்லை எண்டுது. உங்கட பக்கமும் ஒரே கதையில்லை, 1618-19இல டோர்ட்டில கூடின கல்வின் வழிச் சபையள் முன்குறித்தலை (ஆர் மீட்கப்படுவினம் எண்டு கடவுள் முதலே தீர்மானிச்சிட்டார் எண்டதை) இறுக்கிப் பிடிச்சினம், பிறகு வந்த, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின வெஸ்லி அதை ஏற்கேல்லை. எங்கட நாட்டுக்கு 1814இல வந்த மெதடிஸ்த மிஷனரிமார் வெஸ்லி வழி, 1816இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன்காரர் கல்வின் வழி, ஆக அந்தச் சண்டையின்ர ரண்டு பக்கத்து மிஷனரிமாரும் ரண்டு வருஷ இடைவெளியில எங்கட கரைக்கு வந்திட்டினம். எங்களுக்குள்ளயும் யேசுசபையாரும் தொமினிக்கன் சபையாரும் இதே விஷயத்தில வருஷக்கணக்கா அடிபட்டு, 1607இல பாப்பரசர் ஐந்தாம் பவுல் ஒருத்தரை ஒருத்தர் பதிதர் (விசுவாசத்துக்கு மாறாப் போதிக்கிறவை) எண்டு சொல்லாமல் இருங்கோ எண்டு நிப்பாட்டிவிட்டவர். எனக்கு அந்த முடிவில பெரிய மரியாதை. நீங்களும் நானும் பிலிப்பியர் 2இல 12ஆம் 13ஆம் வசனத்தைச் சேத்து வாசிப்பம், ஒண்டில நீங்கள் பாடுபடுங்கோ எண்டு இருக்கு, அடுத்ததில கடவுளே உங்களுக்குள்ள செயற்படுறார் எண்டு இருக்கு.

கேள்வி (பேர் வேண்டாம்): கனடாப் பயணம் ஒண்டு சரிவருது, ஏஜென்சிக்குக் காசு கட்டவேணும். மாதா சுருவத்தடியில ரண்டு சீட்டுப் போட்டு எடுத்தன், போ எண்டு வந்தது. இது கடவுள் சித்தமோ?

சீட்டு சீட்டுத்தான், தம்பி. யேசுசபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியார் இதுக்கு நல்ல வழி எழுதி வைச்சவர். முன்பின் தெரியாத ஒருத்தர் இதே நிலைமையில வந்து உம்மட்டக் கேட்டால் என்ன சொல்லுவீர், அதைச் செய்யும். சாகிற நேரம் திரும்பிப் பாக்கேக்க எதைச் செய்திருந்தால் நல்லம் எண்டு நினைப்பீர், அதைச் செய்யும். நான் கூட்டிச் சொல்லுறது, காணி உறுதியை ஈடு வைச்சுத்தான் போறீர் எண்டால் அந்தக் காணியில இருக்கிற அம்மாவை முதல் கேளும். ரண்டு வழியும் நல்ல வழியெண்டால் கடவுள் உம்மட விருப்பத்துக்கு விட்டிருக்கிறார் எண்டும் இருக்கலாம், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: அவர் தீர்மானிச்சது தான் நடக்குமெண்டால் செபம் என்னத்துக்கு, மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைச்சு நடக்கிறது என்னத்துக்கு?

விளைச்சல் கடவுள் தாறது எண்டு ஒருத்தரும் விதைக்காமல் விடுறேல்லையே. கடவுளின்ர மனசை மாத்த இல்லை, செபத்துக்கூடாகத் தர அவர் நினைச்சு வைச்சிருக்கிறதை வாங்கத் தான் செபம், இதுவும் அக்குவினாஸ் சொன்னது. கெத்சமனித் தோட்டத்தில யேசுவே இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும் எண்டு முதல் கேட்டவர், பிறகு தான் உம்முடைய விருப்பப்படி எண்டவர். நாங்கள் கனபேர் முதல் பாதியைச் சொல்லவே பயந்து நேரா ரண்டாம் பாதிக்கு ஓடுறம். ஆவணித் திருநாளுக்குக் காட்டுவழியால நடந்து போறவை தேவையானதைக் கேட்டுக்கொண்டே நடவுங்கோ.

முல்லைத்தீவு அக்கா திரும்ப: சண்டை பிடிக்கச் சொல்லுறியள். எனக்குச் செபம் சொல்ல வாயே வருதில்லை.

அப்ப நீங்கள் சொல்ல வேண்டாம் அக்கா. திருப்பாடல் 88ஐ மட்டும் துறந்து வைச்சிருங்கோ. மற்றப் புலம்பல் பாட்டுகள் கனக்க முடிவில நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பாது, ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் எண்டு கேட்டு இருட்டோடயே முடியுது. அதை ஒருத்தரும் வேதப்புத்தகத்தில இருந்து வெட்டி எறியேல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் படுக்கப் போக முதல் குருமாரும் சிஸ்டர்மாரும் சொல்லுற செபத்தில அந்தப் பாட்டுத் தான் இருக்கு. இந்த வெள்ளி அதை உங்களுக்காகவும் மகளுக்காகவும் அவருக்காகவும் நான் சொல்லுறன்.